டேப்லெட்டில் மட்டும் பதினேழு

1

இன்று என் மகள் ரெஜினாவுக்குப் பதினெட்டு வயது முடிகிறது. இதைச் சொன்னால் ஒத்துக்கொள்ள உலகத்தில் ஒரு காகிதமும் கிடையாது. பிறப்புச் சான்றிதழ், ஆதார், பாஸ்போர்ட், பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியல் என்று எல்லாமே அவளுக்குப் போன மே மாதம் இருபத்தெட்டாம் தேதியே பதினெட்டு முடிந்துவிட்டதாகச் சொல்கின்றன. பெற்றவள் நான். ஒரு ஜனவரி மாதம், வத்தலக்குண்டில், கொடைக்கானல் பஸ்கள் போகிற ரோட்டைப் பார்த்த ஒரு சின்ன நர்சிங் ஹோம் அறையில் பெற்றேன். ஆனால் என் பேச்சு எங்கேயும் எடுபடாது.

ஊரில் இருந்து இதைப் படிக்கிறவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. நம் திண்டுக்கல்லில் பாதிப் பேர் மே மாதம் பிறந்தவர்கள்தான். சான்றிதழின்படி நானும் மே, என் அக்காவும் மே. ஜூனில் பள்ளிக்கூடம் திறப்பதற்கு முன்னால் அவசர அவசரமாகப் பிறந்து முடித்தவர்கள் நாங்கள். இங்கே இங்கிலாந்தில் என்னோடு வேலை செய்கிறவர்களிடம் இதை ஒருமுறை வேடிக்கையாகச் சொன்னேன். யாரும் சிரிக்கவில்லை. அது குற்றமில்லையா என்று ஒருத்தி நிஜமான அக்கறையோடு கேட்டாள்.

ரெஜியின் தேதியைக் கொடுத்தது அவள் அப்பா, என் கணவர் சேவியர். ஒட்டன்சத்திரம் காய்கறி மார்க்கெட்டில் கேரளாவுக்கு லாரி புக்கிங் பார்த்துக்கொண்டிருந்தவர். எதையும் நின்று யோசிக்கிற ஆள் இல்லை. ஆனால் அவரை மட்டும் குற்றம் சொல்ல முடியாது. ரெஜிக்கு அப்போது இரண்டரை வயதுகூட நிறையவில்லை. எனக்குத் திண்டுக்கல்லில் ஒரு ஆஸ்பத்திரியில் வேலை கிடைத்திருந்தது. பகலில் பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஆளில்லை. எல்.கே.ஜி.யில் சேர்க்க மூன்று வயது முடிந்திருக்க வேண்டும் என்றார்கள். பிறந்ததைப் பதியாமலே விட்டிருந்தோம், அதனால் வழியும் சுலபமாக இருந்தது. தாமதப் பதிவுக்கு எழுதிக் கொடுத்தபோது மே என்று போட்டுவிட்டு வந்தார்.

"எட்டு மாசந்தான. இதுனால யாருக்கு என்ன கொறஞ்சு போகப் போகுது" என்றார்.

எனக்கும் சிரிப்பு வந்தது. அடுத்த வாரம் நான் டியூட்டியில் சேர்ந்தேன்.

2

ரெஜி ஒன்பதாவது படிக்கும்போது சேவியர் நெஞ்சுவலியில் போய்விட்டார். அடுத்த வருடம் நான் இங்கே வந்தேன். வடக்குப் பக்கம் ஒரு சிறிய நகரம்; முதியோர் இல்லத்தில் நர்ஸ். ரெஜி என் அக்கா லூர்துவின் வீட்டில் இருந்தாள். அக்கா டீச்சர், கல்யாணம் செய்துகொள்ளாதவள், கண்டிப்பானவள். பிள்ளையை நல்லபடியாகத்தான் பார்த்துக்கொண்டாள்.

ரெஜியை இங்கே கூட்டிவருவதாகத்தான் ஏற்பாடு. முதல் வருடம் நான் இன்னும் மூன்று நர்ஸ்களோடு ஒரு வீட்டில் இருந்தேன், அங்கே பிள்ளையை வைத்துக்கொள்ள முடியாது. பிறகு பிளஸ் டூ வந்தது. நடுவில் பிடுங்கக் கூடாது என்று எல்லோரும் சொன்னார்கள். பிறகு நீட் வந்தது. முதல் தடவை கிடைக்கவில்லை. ஒரு வருடம் கோச்சிங்கில் உட்கார வைத்தோம். அந்தப் பரீட்சையும் முடியட்டும் என்று இருந்தேன். ஜனவரி வரைக்கும் அவளுக்குப் பதினேழுதானே, நேரமிருக்கிறது என்பது என் நினைப்பு.

போன ஜூனில் இரண்டாம் தடவை நீட் முடிவு வந்தது. அதுவும் சரியில்லை. அதே வாரம் நான் இங்கே விசா ஆலோசனை சொல்லும் ஒரு அலுவலகத்துக்குப் போனேன். நடுத்தர வயதுப் பெண் ஒருத்தி படிவத்தை வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகக் கேட்டாள். பிறந்த தேதி கேட்டபோது என் வாயில் ஜனவரி என்று வந்தது. அவள் பாஸ்போர்ட் நகலைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். விண்ணப்பிக்கும் நாளில் பிள்ளைக்குப் பதினெட்டு முடிந்திருக்கக் கூடாது, உங்கள் மகளுக்கு மூன்று வாரம் முன்னால் முடிந்துவிட்டது என்றாள்.

பாஸ்போர்ட்டில் இருப்பது தப்பு என்றேன். அப்படியானால் எது சரி என்று கேட்டாள். சொன்னேன். சரியான தேதிக்கு ஏதாவது ஆவணம் இருக்கிறதா என்று கேட்டாள். இல்லை என்றேன். பேனாவை மூடி வைத்துவிட்டு, மெதுவாக, பாஸ்போர்ட்டில் பொய் இருக்கிறது என்று நீங்கள் சொன்னதை நான் கேட்டுக்கொள்ளாமல் இருப்பதுதான் உங்களுக்கு நல்லது என்றாள். நல்ல மாதிரிதான் சொன்னாள். நான் நன்றி சொல்லிவிட்டு வெளியே வந்து பஸ்ஸுக்கு நின்றேன். அழுகை எல்லாம் வரவில்லை. வீட்டுக்குப் போய் அரிசி ஊற வைத்தேன்.

அந்தப் பாஸ்போர்ட் படிவத்தை நிரப்பியது நான். மே என்று என் கையால்தான், கட்டம் கட்டமாக எழுதினேன். எழுதும்போது ஒன்றுமே தோன்றவில்லை. சான்றிதழில் உள்ளதைத்தானே எழுத வேண்டும். எழுதிய பிறகும் எனக்கு மனதில் ஜனவரிதான். வீட்டுக்கு ஒரு தேதி, ஆபீஸுக்கு ஒரு தேதி என்றே பழகிவிட்டிருந்தோம்.

ரெஜியிடம் இதைச் சொல்லவில்லை. அவள் போனைத் திறந்தால் அப்பா படம்தான் இருக்கும். உன் அப்பா கொடுத்த தேதியால்தான் உன்னால் வர முடியவில்லை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. இது பாதிக் காரணம். மீதிப் பாதி, அந்தத் தேதி என் வேலைக்காகக் கொடுக்கப்பட்டது என்பது. மறுநாள் போனில், இங்கே வீடு சரியாக அமையவில்லை, செலவும் கட்டுப்படியாகாது, நீ திண்டுக்கல்லிலேயே காலேஜ் சேர்ந்துவிடு என்றேன். "சரிங்கம்மா" என்றாள். வேறு எதுவும் கேட்கவில்லை. அவள் கேட்டிருந்தால் ஒருவேளை சொல்லியிருப்பேன் என்று இப்போது நினைத்துக்கொள்கிறேன், அது உண்மையா என்று தெரியாது.

3

விலங்கியல் எடுத்துச் சேர்ந்தாள். பாடம் எல்லாம் பி.டி.எஃப். ஆக வருகிறது, படம் வரைய வேண்டும், ஒரு டேப்லெட் இருந்தால் நல்லது என்று காலேஜில் சொல்லியிருந்தார்கள். நான் அதைப் பிடித்துக்கொண்டேன். ஒரு மாதம் வேறு நினைப்பே இல்லை.

விலை குறைவாக இருக்க வேண்டும், ஆனால் மட்டமாக இருக்கக் கூடாது. இந்த இரண்டுக்கும் நடுவில் இருக்கிற எல்லா டேப்லெட்டையும் எனக்குத் தெரியும். பத்து அங்குலத் திரை கைப்பையில் நுழையாது. எட்டு அங்குலத்தில் எழுத்து தெரியாது. விலை குறைவு என்று எடுத்தால் பேனா தனியாக வாங்க வேண்டும், பேனா விலையைக் கேட்டால் டேப்லெட்டே வேண்டாம் என்று தோன்றும். சிம் போடுகிற மாதிரி வேண்டும், ஏனென்றால் அக்கா வீட்டில் கரண்ட் போனால் வைஃபை போய்விடும். பேட்டரி எவ்வளவு நேரம் நிற்கும் என்று முன்பின் தெரியாதவர்கள் எழுதியதை எல்லாம் மதிய இடைவேளையில் உட்கார்ந்து படித்தேன். ரெஜிக்கு எது பிடிக்கும் என்று கேட்டேன். "ஏதாச்சும் வாங்குங்கம்மா" என்று பதில் வந்தது.

அக்காவுக்கு இந்தக் கூத்து பிடிக்கவில்லை. "இங்க பஸ் ஸ்டாண்டுக்கு எதுத்தாப்புலயே கடை இருக்கு. அங்க வாங்குனா டிஸ்பிளே போச்சுன்னா யார்ட்டடி கொண்டு போறது?" என்றாள். அவள் சொன்னது நூற்றுக்கு நூறு சரி. கவரும் கண்ணாடியும் கடைக்காரனே ஒட்டிக் கொடுப்பான், ரிப்பேர் என்றால் முகத்துக்கு நேரே போய்ச் சண்டை போடலாம். ஆனால் வெளிநாட்டில் இருக்கிற நம்மால் அப்படி விட முடிவதில்லை. நம் கையால் தொட்டு, நம் கையால் பெட்டியில் வைத்து அனுப்பினால்தான் கொடுத்த மாதிரி இருக்கிறது. பிள்ளையைக் கூட்டிவர முடியாதவள் ஒரு டேப்லெட்டையாவது அனுப்பட்டும் என்று அக்காவிடம் சொல்ல முடியுமா என்ன.

கடைசியில் போன வருடத்து மாடல் ஒன்று விலை குறைத்துப் போட்டிருந்தார்கள். பேனா கூடவே வந்தது, சிம்மும் போடலாம். கடையில் இருந்த பெண் யாருக்கு என்று கேட்டாள். மகளுக்கு என்றேன். எத்தனை வயது என்றாள். பதினேழு என்றேன். எவ்வளவு சுலபமாக வந்தது அந்த வார்த்தை. அப்படியானால் பிள்ளைக் கணக்காகத் திறந்து உங்கள் கணக்கோடு சேர்த்துவிடுங்கள், அவள் எதை நிறுவினாலும் உங்களைக் கேட்டுத்தான் நிறுவும், பாதுகாப்பு என்றாள்.

வீட்டுக்கு வந்து நானே கணக்குத் திறந்தேன். பிறந்த தேதி கேட்டது. ஜனவரி என்று போட்டேன். சான்றிதழ் எதையும் அது கேட்கவில்லை. அம்மா சொன்னால் அம்மா சொன்னதுதான் என்று எடுத்துக்கொண்டது. பதினேழு வயது என்று அதுவே காட்டியது. அந்த எண்ணைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். டேப்லெட்டை லீவில் ஊருக்குப் போன ஒருவரிடம் கொடுத்து அனுப்பினேன்.

4

பிறகுதான் அனுமதி கேட்டுக் கேட்டு வர ஆரம்பித்தது. ரெஜினா இதை நிறுவ விரும்புகிறாள், சம்மதமா என்று என் போனில் வரும். அகராதி, ஸ்கேன் செய்வது, படம் வரைவது, பஸ் நேரம் பார்ப்பது. முதல் இரண்டு மூன்றுக்கு உடனே சம்மதம் கொடுத்தேன். ஒரு நாள் வேலை அதிகம், பார்க்கவில்லை. ஒரு மணி நேரத்தில் ரெஜி போன் செய்தாள். அவளாக எனக்குப் போன் செய்து எத்தனையோ நாளாகிவிட்டிருந்தது.

"அம்மா, ஒண்ணு அனுப்பியிருந்தேன். பாத்தீங்களா?"

பார்க்கவில்லை என்றேன். சாப்பிட்டாயா என்று கேட்டேன். என்ன வெஞ்சனம் என்று கேட்டேன். புடலங்காய்க் கூட்டு என்றாள். நாலு நிமிடம் பேசினோம். பிறகு சம்மதம் கொடுத்தேன்.

அதற்கப்புறம் நான் செய்தது எனக்குத் தெரிந்தேதான். கோரிக்கை வந்தால் பார்ப்பேன், தொட மாட்டேன். போனைப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு வேலையைப் பார்ப்பேன். எப்படியும் கூப்பிடுவாள். காலை டியூட்டியில் எனக்கு ஒன்பது பேர். மாத்திரை கொடுக்கும்போது சில சமயம், "செத்த வாயத் திறங்க" என்று தமிழில் வந்துவிடும். அந்தக் கிழவர்களும் திறப்பார்கள். அவர்களிடம் அவ்வளவு சரளமாகப் பேசுகிற எனக்கு, ரெஜி கூப்பிட்டால் சாப்பாட்டை விட்டால் வேறு பேச்சு கிடைக்காது. ஆனாலும் அந்த நாலு நிமிடத்துக்காகக் காத்திருப்பேன்.

அக்டோபர் வாக்கில் ரெஜியே ஒரு யோசனை சொன்னாள். அந்தக் கணக்கில் பிறந்த தேதியை மாற்றிவிட்டால் இந்த அனுமதி கேட்கிற தொல்லையே இருக்காதாம். "சர்ட்டிபிகேட்ல உள்ள தேதியப் போட்டுருங்கம்மா. அப்பா குடுத்த தேதிதான எல்லாத்துலயும் இருக்கு" என்றாள். எப்படி மாற்றுவது என்று எனக்குத் தெரியவில்லை என்றேன். தெரியும். ஒருமுறை அந்தப் பக்கம் வரை போய்ப் பார்த்துவிட்டுத் திரும்பியிருக்கிறேன். அவள் பதினேழு வயதில் இருந்த ஒரே இடம் அதுதான், அதையும் அழிக்க எனக்கு மனமில்லை.

5

டிசம்பரில் அவளுக்கு ஒரு உள்தேர்வு. டேப்லெட்டிலேயே எழுத வேண்டும். தேர்வு முடியும்வரை திரையைப் பூட்டி வைக்கிற ஏதோ ஒன்றை நிறுவச் சொல்லி அன்று மதியம்தான் சொல்லியிருக்கிறார்கள். அங்கே மதியம் இரண்டு மணி என்றால் இங்கே காலை எட்டரை. நான் தேநீர் வண்டியைத் தள்ளிக்கொண்டிருந்தேன். கோரிக்கை வந்தது, பார்த்தேன். கூப்பிடட்டும் என்று போனைப் பாக்கெட்டில் போட்டேன். மறுபடி வந்தது. மறுபடி வந்தது. நாலு தடவை வந்தது. இன்றைக்கு இரண்டு தடவையாவது பேசலாம் என்று நினைத்தேன். இதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனால் அப்படித்தான் நினைத்தேன்.

அவள் கூப்பிடவில்லை. தேர்வு அறைக்குள் நுழையும்போதே போனை வாங்கி வைத்துவிட்டார்கள். எல்லோரும் எழுதினார்கள், இவள் திறக்காத திரையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்திருக்கிறாள். அம்மா அனுமதி கொடுக்க வேண்டும் என்று மேற்பார்வைக்கு வந்த டீச்சரிடம் சொன்னாளாம். ஆதாரில் பதினெட்டு முடிந்த பிள்ளைக்கு என்ன அனுமதி என்று அவர் கேட்டாராம். ஆப்சென்ட் போட்டுவிட்டார்கள்.

அன்று மாலை அக்கா போன் செய்தாள். கத்துவாள் என்று நினைத்தேன். கத்தவில்லை.

"நீ வேணும்னேதான் லேட் பண்றன்னு அதுக்குத் தெரியும்டி. எப்பவோ தெரியும். பாவமா இருக்கு பெரியம்மா, கூப்புட்டுப் பேசிட்டுப் போறேன்னுதான் சொல்லும். இன்னைக்கு அழுகக்கூட இல்ல. கூட்டிட்டுப் போகத்தான் மனசில்ல, பூட்டி வைக்க மட்டும் மனசு இருக்கான்னு கேட்டுச்சு. நான் என்னத்தச் சொல்ல?"

விசா அலுவலகத்துக்கு நான் போய்வந்தது அக்காவுக்கும் தெரியாது. என் பிள்ளை என் மேல் இரக்கப்பட்டு என்னைக் கூப்பிட்டுக்கொண்டிருந்திருக்கிறாள். நான் அவளைக் கைவிட்டுவிட்டேன் என்று நம்பிக்கொண்டே கூப்பிட்டிருக்கிறாள். இரண்டும் சேர்ந்து மண்டைக்குள் ஏறக் கொஞ்ச நேரம் ஆயிற்று. ஏறிய பிறகும் ஒன்றும் நடக்கவில்லை. மரத்துப்போன காலில் யாரோ கிள்ளுகிற மாதிரி, கிள்ளுவது தெரிந்தது, அவ்வளவுதான்.

போனை எடுத்துத் தேதியை மாற்றினேன். மே இருபத்தெட்டு. இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. இனி இந்தக் கணக்குக்கு உங்கள் மேற்பார்வை தேவையில்லை என்று வந்தது. சரி என்று அழுத்தினேன். தேதியை மாற்றிவிட்டேன், தேர்வு விஷயத்தில் தப்பு என்மேல்தான் என்று ரெஜிக்கு எழுதினேன். "பரவால்லம்மா, தேங்க்ஸ்" என்று பதில் எழுதினாள்.

6

அதற்குப் பிறகு அவள் கூப்பிடவில்லை. கூப்பிட வேண்டிய காரணமும் இல்லை. கிறிஸ்துமஸுக்கு அக்கா போனில் வந்தபோது கூடவே முகத்தைக் காட்டிவிட்டுப் போனாள். நான் இரண்டு டியூட்டி சேர்த்துப் பார்த்தேன். இங்கே மாலை நாலு மணிக்கே இருட்டிவிடுகிறது, அதுவும் வசதியாகத்தான் இருக்கிறது, வந்ததும் படுத்துவிடலாம்.

இன்று எனக்கு விடுமுறை. காலையில் எழுந்ததும் இன்றைய தேதி ஞாபகம் வந்தது. இன்று வரைக்கும், சட்டப்படி இல்லாவிட்டாலும் நிஜப்படி, அவள் வந்திருக்கக்கூடிய வயதில்தான் இருந்தாள். இனிமேல் அதுவும் இல்லை. இனி நான் வாயை மூடிக்கொண்டிருந்தால், அம்மா கூட்டிட்டுப் போகல என்பதே அவளுக்கு மிஞ்சும். அதையும் அவள் யாரிடமும் சொல்லிக் காட்ட மாட்டாள், 'பரவால்லம்மா' என்றே முடித்துக்கொள்வாள். எனக்கு அதுதான் பொறுக்கவில்லை. அவள் காலேஜ் விட்டு வரும் நேரம் பார்த்து நானே போன் செய்தேன்.

"சொல்லுங்கம்மா. ஏதும் அவசரமா?" என்றாள்.

ஒன்றுமில்லை, இன்றைக்கு உனக்குப் பதினெட்டு முடிகிறது என்றேன்.

"அது மே மாசமே முடிஞ்சிருச்சேம்மா."

குத்திக் காட்டிச் சொல்லவில்லை. மே மாதம்தான் அவள் கூட்டாளிகள் கேக் வெட்டினார்கள், மே என்றுதான் எல்லாப் படிவத்திலும் எழுதுகிறாள். அவளுக்கு அது முடிந்த விஷயம்.

நான் சொன்னேன். ஒட்டன்சத்திரத்திலிருந்து அவள் அப்பா வந்து தேதி கொடுத்ததை, அது என் வேலைக்காக என்பதை, பாஸ்போர்ட்டில் மே என்று எழுதியது என் கை என்பதை. ஜூன் மாதம் அந்த அலுவலகத்துக்குப் போனதை, அந்தப் பெண் பேனாவை மூடி வைத்ததை. அப்பாவைக் காப்பாற்றுவதாக நினைத்து என்னைக் காப்பாற்றிக்கொண்டதை.

"வீடு அமையலன்னு சொன்னது?"

"அதுக்கு மறுநாள் சொன்னது. பொய்."

பின்னால் பஸ் ஒன்று நின்று கிளம்பும் சத்தம் கேட்டது. அவள் ரோட்டில்தான் நின்றுகொண்டிருந்திருக்க வேண்டும். திட்டுவாள் என்று இருந்தேன். அப்பாவைப் பற்றி ஏதாவது கேட்பாள் என்று இருந்தேன். தேர்வைப் பற்றிக் கேட்டாலும் பதில் சொல்லத் தயாராக இருந்தேன்.

"அப்ப நீ என்னையக் கூட்டிக்கத்தான் பாத்தியாம்மா?" என்றாள்.

ஆமாம் என்றேன். அவள் போனை வைக்கவில்லை.